நாலில் விழாத பஸ்

மூன்றாவது இரத்தோட்டை பஸ்ஸையும் தில்லையம்பலம் போகவிட்டார்.

"ஏறுங்க மாஸ்டர், சீட் இருக்கு!"

கொண்டக்டருக்கு மாத்தளை பஸ் நிலையத்தின் நடுவிலேயே ஒரு பாடம் நடந்தது. "நம்பர்ல உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் அதாலேயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணும். வர்ற விடையையும் அப்படியே. கடைசியில ஒன்று வந்தா மகிழ்ச்சி எண். நாலுல விழுந்தா, சுத்திச் சுத்தி நாலுக்கே வரும். உங்க பஸ் நாலுல விழுந்திருச்சு."

"இதுவரைக்கும் பள்ளத்துலகூட விழல மாஸ்டர்" என்றபடி அவன் மணியடித்தான்.

பத்து மணிக்கு இரத்தோட்டையில் பாடசாலை அதிபர் பதவிக்கு நேர்முகம். ஓய்வு பெறுமுன் இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். ஆனால், 'நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் வாகன இலக்கம் பார்த்து ஏறுக' என்று ஞாயிறு பேப்பரில் டை கட்டிய படத்தோடு எழுதியவர் கண்ட பஸ்ஸில் ஏற முடியுமா? ஏதோ பழைய சஞ்சிகையில் படித்த கணக்கைத் தன் கண்டுபிடிப்பாக்கி எழுதியிருந்தார் என்பது வேறு விஷயம்.

நேரத்தை மிச்சம் பிடிக்க, பஸ்கள் திரும்பும் வாசலுக்கே போய் நின்று, வருகிற இலக்கங்களையெல்லாம் துண்டுக் கடதாசியில் குறித்தார். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடம் அது. அவருடைய கணிதம் அதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

சனம் உற்றுப் பார்த்தது. கடதாசியைச் சட்டைக்குள் ஒளித்தார். ஒளித்ததும் பொலிஸ் வந்தது.

"ஜீப்புல ஏறுங்க" என்றார் கான்ஸ்டபிள் ஜுனைதீன்.

ஜீப்பின் இலக்கம் 2040. நாலும் பதினாறும் இருபது. அடுத்ததே நாலு!

"வேற ஜீப் இல்லையா?"

"ஹயருக்கு வாகனம் பிடிக்கவா வந்தீங்க? ஏறுங்க சேர்!"

கடைத்தெருவே பார்த்தது. மீன் வாங்கிக்கொண்டிருந்த பழைய மாணவி ஒருத்தி, வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினாள். தில்லையம்பலம் நேர்முகத்துக்கென்று கட்டியிருந்த டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்தார். வெறுங்கழுத்தோடு இன்னும் அசல் குற்றவாளியாகத் தெரிந்தார்.

பொலிஸ் நிலையத்தில் கடைசி ஆயுதத்தை எடுத்தார்: ஞாயிறு பேப்பரில் இருந்து வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்த கட்டுரை. "பாருங்க, இத எழுதினதே நான்தான்!"

ஜுனைதீன் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "மெய்யா நீங்களா?"

"நானேதான். வேற யாராலயும் இத எழுத முடியாது."

"நல்லதாப் போச்சு." அவர் உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தார். "சேர், வெளிய வாங்க. ஆள் அகப்பட்டுட்டாரு."

கோட் போட்ட ஒருவர் தலை குனிந்தபடி வந்தார்.

"நீங்கதானா அது? நான் மகேந்திரராஜா, இன்னைக்கு நேர்முகத்துக்குத் தலைவர். என் ஒபிஸ் வாகனம் நாலுல விழுந்திருச்சேன்னு, காலைல நானும் பஸ் நம்பர் எழுதப்போய்த்தான் இவங்ககிட்ட அகப்பட்டேன்."