மேட்டுத்தெருவில் தண்ணீர் மேலேறிய வரலாறு

சோமனூர் ஓரத்தில் ஒரு மேட்டுத்தெரு. தண்ணீர் பள்ளத்தை நோக்கியே ஓடும் என்னும் விதியை அந்தத் தெருக் குழாய்கள் ஒருநாளும் மீறியதில்லை. நல்ல தண்ணீர் அடிமுனைக் குழாயோடு நின்றுவிடும். மேலே இருப்பவர்கள் குடத்தோடு இறங்கி வருவார்கள். தெரு நலச் சங்கத் தலைவர் அரங்கசாமி நடையாய் நடந்து, மோட்டார் வைக்க ஒருவழியாக உத்தரவு வாங்கிவிட்டார். பொருத்துவதுதான் பாக்கி.

அந்த நல்ல நேரம் பார்த்து அவருக்குப் புகழும் தேவைப்பட்டது.

போனைத் திறந்தால் ஒருவர் சுவரில் நடக்கிறார்; இன்னொருவர் அந்தரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். நாம் மட்டும் தரையிலேயே நிற்பதா? எதிர்வீட்டுப் புவனா சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாள். போனைச் சாய்த்துப் பிடித்தால் இறக்கம் ஏற்றமாகத் தெரியும். ஆளும் அதற்குத் தக்கபடி சாய்ந்து நின்றால் போதும்.

"ஏனுங்ணா, இன்னுங் கொஞ்சம் சாயுங்க."

"இடுப்பு புடிக்குது அம்மணி."

"லைக் வேணும்னா சும்மா வருமுங்களா?"

மேல்முனையில் ஊற்றிய ஒரு குடம் நல்ல தண்ணீர் இறக்கத்தில் ஓடி அரங்கசாமி வாசலுக்கு வந்தது. வீடியோவில் அது மேடேறி வந்தது. இஸ்திரி போட்ட வேட்டியுடன் அவர் அதைக் கைகூப்பி வரவேற்றார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் குடிநீர்ப் பொறியாளர் தேவானந்தம். மோட்டார் வேலை நின்றது.

அரங்கசாமி அலுவலகத்துக்கு ஓடினார்.

"தண்ணி தானா மேடேறுதுங்களே, அப்பறம் மோட்டார் எதுக்குங்க?" என்றார் பொறியாளர்.

"அது பொய்யிங்க சார். போனைச் சாய்ச்சு எடுத்தது."

"சங்கத் தலைவர் நீங்களே கும்புடறீங்க. பொய்யையா கும்புட்டீங்க?"

அந்தக் கும்பிடு சரியாக அமைய ஏழெட்டு முறை எடுத்திருந்தார்கள். அதைச் சொல்லாமல், "நேர்ல வந்து பாருங்க சார்" என்று மட்டும் கெஞ்சினார்.

பொறியாளர் வந்தார். இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றப்பட்டது.

"என்னங்க இது, கீழ போகுது?" பொறியாளருக்கு ஏமாற்றம்.

"அதைத்தானுங்க சொல்றேன். போனை இப்படிப் புடிச்சாத்தான் ஏறும்." அரங்கசாமி அவர் கையைப் பிடித்துச் சாய்த்தார். அதோடு விடாமல், எதிரே போய்த் தாமும் சாய்ந்து நின்று கும்பிட்டுக் காட்டினார்.

"அட! எம்போன்லயும் ஏறுதுங்க!"

அறிக்கை உடனே எழுதப்பட்டது: 'கள ஆய்வில் அலுவலகக் கைப்பேசியிலும் நீர் மேல்நோக்கிப் பாய்ந்தது ஐயமற உறுதி செய்யப்பட்டது. குடியிருப்போர் போதிய அளவு சாய்ந்து ஒத்துழைப்பு நல்கினர்.' மோட்டார், இயற்கை ஒத்துழைக்காத வேறொரு தெருவுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அடிமுனைக் குழாயில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. எல்லாப் போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. பொறியாளர் எடுத்த வீடியோவை அலுவலகம் வெளியிட்டிருந்தது. 'மேட்டுத்தெரு குடிநீர்ப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு.'

"அடப்பாவிகளா!" என்றாள் புவனா. பிறகு உற்றுப் பார்த்தாள். "ஏனுங்ணா, நாம எடுத்ததைவிட இது தெளிவா இருக்குதுங்க."

வரிசையில் நின்றபடியே தெரு முழுவதும் லைக் போட்டது. அரங்கசாமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். ஆனால் வீடியோவில் அவர் முகம் நன்றாக விழுந்திருந்தது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவரும் ஒன்று போட்டார்.