டேட்டா சித்தரின் பெட்டி

மீட்டிங் அறையில் நிற்க இடமில்லை. கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, என்ன வேலை செய்கிறது என்றே தெரியாத பிரிவு, எல்லாம் வந்திருந்தன. டேட்டா சித்தர் வருகிறார் என்றால் சும்மாவா? அவருடைய பெட்டியை இணைத்தாலே போதும், டேட்டாபேஸின் தலைவிதியைச் சொல்லிவிடுவாராம். எத்தனையோ கம்பெனிகளைக் காப்பாற்றியவராம். காப்பாற்றப்பட்ட கம்பெனியை யாரும் கண்டதில்லை. அவருடைய கோட்டு சூட்டை எல்லோரும் கண்டார்கள்.

கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள் மேனேஜரம்மா. இத்தனை வருடம் கம்பெனி ஓடியது இலவச டேட்டாபேஸில்தான். அதைப் பார்த்துக்கொள்பவன், அவள் குழுவில் எல்லோரும் தாடி என்று கூப்பிடும் இளைஞன். சித்தர் விற்கும் வேறொன்றை விலை கொடுத்து வாங்கினால், செலவை ஈடுகட்டத் தாடியை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கையெழுத்து அவள் போட வேண்டும். விவரம் தெரியாத தாடியோ, மகள் பிறந்த பூரிப்பில் காலையிலிருந்து எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் பங்கு கைப்பைக்குள் தொடாமல் கிடந்தது.

சித்தர் பெட்டியின் நீள வயரை இழுத்து வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரிலிருந்த டேட்டாபேஸ் இணைப்பில் செருகினார். திரும்பிப் போய்ப் பொத்தானை அமுக்கினார். பெட்டி சிவந்தது. அறையே உச்சுக்கொட்டியது.

"இலவசம் மூச்சுத் திணறுது சார். டேட்டா அழறது எனக்குக் கேக்குது."

முன்வரிசையிலிருந்த கம்பெனி டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது விழுந்துட்டா நான் யார் மேல பழி போடறது?"

"அதுக்குத்தானே சார் காசு! வாங்கற சரக்கோட, பழி போட ஒரு ஆளும் சேந்தே வரும்."

பலத்த கைதட்டல். டேட்டாபேஸ் கிடக்கட்டும், பழி சுமக்க ஆள் கிடைத்தானே!

மேனேஜரம்மா கையைப் பின்னால் விட்டாள். மெல்ல ஒரு இழுப்பு.

"சார், எனக்குச் சரியா தெரியல. இன்னொரு தடவை பாருங்களேன்?"

சித்தர் கண்ணை மூடினார், அமுக்கினார். பெட்டி முன்னைவிடச் சிவந்தது.

"ஐயோ, அழுகை கதறலாயிடுச்சும்மா!"

"எங்கேருந்து சார் கதறுது?" என்று வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

சித்தர் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"அது... வயர்லெஸ்லயும் வேலை செய்யும்."

"அப்ப வயர் எதுக்கு சார்? பெட்டி ஓடிடாம கட்டிவைக்கவா?" என்றான் கதவோரம் நின்றிருந்த தாடி. அறை வெடித்துச் சிரித்தது. சற்றுமுன் கைதட்டியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அப்ப இலவசமே நல்லதுங்கறியா?"

"எனக்கும் தெரியாது சார். காசு கொடுக்கறதுதான் நல்லதோ என்னவோ. ரெண்டுலயும் நம்ம வேலையைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். ஓட்டிப் பாக்க எனக்குத் தாடி வேணும்."

டைரக்டர் தலையாட்டினார். மேனேஜரம்மா கைப்பையைத் திறந்து இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சித்தர் அடுத்த தெருவிலுள்ள கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயும் நிற்க இடமில்லையாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கைதட்டுமுன் ஒரு தடவை குனிந்து, வயர் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.