இரண்டாயிரத்து நானூறு நாய்கள்

நான் ஒரு காலத்தில் இரண்டாயிரத்து நானூறு நாய்களுக்குச் சொந்தக்காரன். ஒன்றுகூடக் குரைத்ததில்லை. (குரைத்திருந்தால் தெரு தாங்கியிருக்காது.) அத்தனையும் என் சட்டைப்பையில், போனுக்குள் இருந்தன. நாய் படம் போட்ட கிரிப்டோ காசு அது. ராஜபாளையத்துக்காரன் நாயில் காசைப் போடுவது புதிதல்ல. எங்கள் ஊர் நாய்க்கு ஊர் ஊராகப் பேர் இருக்கிறது. ஆனால் காசில் நாயைப் போட்டு விற்றதை வாங்கிய முதல் ஆள், எங்கள் தெருவைப் பொறுத்தவரை, நான்தான்.

அப்போது ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். கிரிப்டோவை நானே படித்துத் தெரிந்துகொண்டேன் என்று பெருமையாகச் சொல்வேன். படித்தது என்றால், சாப்பாட்டு இடைவேளையில் மூன்று வீடியோ. மூன்றிலும் பேசியவர் ஒரே ஆள். மில் நண்பர்கள் நாலைந்து பேரும் வாங்கியிருந்தார்கள். ‘நாய்க்காசு’ என்று முழுதாகச் சொல்ல நேரமில்லாததால் எங்களுக்குள் அது வெறும் நாய். “ஏலே, நாய் எப்படி இருக்கு?” “ஏறிருக்குலே.” இப்படித்தான் பேச்சு ஓடும்.

இந்த நிலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போனோம். எனக்கு முப்பத்தொன்று. நாலு இடம் தட்டிப்போயிருந்தது. பெண் மாலதி, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நூலக வேலை. அவள் அம்மா தேரடிப் பக்கம் சின்னதாகப் பால்கோவா கடை வைத்திருந்தார். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மலையடிவாரத்தில் மாந்தோப்பு. மாலதியைப் பார்த்த அரை நிமிடத்தில் எனக்கு முடிவாகிவிட்டது. இனி அவர்கள் முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அவள் அப்பா விசாரணையை ஆரம்பித்தார். “சம்பளம் போக வேற ஏதும் உண்டா மாப்ள?”

‘நாய்க்காசுல போட்டிருக்கேன் மாமா’ என்றுதான் சொன்னேன். ஆனால் வாய் நிறையப் பால்கோவா. காசு அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. நாய் மட்டும் வெளியே வந்தது.

“நாய்லயா!” அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “எம்புட்டு போகுது?”

“வாங்கினப்ப ஒம்பது மாமா. இப்ப பதினெட்டு.”

(ஒன்பது ரூபாய், பதினெட்டு ரூபாய் என்று நான் சொன்னேன். ஆயிரத்தை அவரே போட்டுக்கொண்டார்.)

“எத்தனை மாசத்துல?”

“நாலு மாசம்.”

“நல்ல வளர்ச்சிதான். தீனி ரொம்ப திங்குமோ?”

தீனி என்றால் கமிஷனைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “வாங்கும்போதும் விக்கும்போதும் கொஞ்சம் திங்கும் மாமா. மத்த நாள்ல சும்மாதான் கெடக்கும்.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியாப்பட்ட நாய நான் சர்வீஸ்லகூட பாத்ததில்லையே. ராத்திரி முழிச்சிருக்குமா?”

“இருபத்துநாலு மணி நேரமும் மாமா. ஞாயித்துக்கெழமகூட லீவு கெடையாது.”

“கட்டித்தான் போடணுமா?”

என்ன ஒரு அறிவு! காசை ஒரு வருஷத்துக்கு எடுக்காமல் போட்டுவைத்தால் கூடுதலாகக் காசு தருவார்கள். அது வரை தெரிந்து வைத்திருக்கிறாரே மனிதர் என்று வியந்து, “ஒரு வருசம் கட்டிப் போட்டா குட்டி போடும் மாமா” என்றேன்.

“பின்ன, போடாம?” என்றார் அவர், கண் கலங்காத குறையாக. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு பார்க்க வருவதாகப் பேச்சு முடிந்தது.

வந்தார்கள். அவர் கையில் ஒரு புதுச் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் இருந்தன. வீட்டுக்கு அப்படியெல்லாம் கொண்டுவருவது ராணுவ வழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காப்பிகூடக் குடிக்காமல் நேராகக் கொல்லைப் பக்கம் போனார். அங்கே ஒரு துவைகல்லும் ஒரு முருங்கை மரமும் மட்டும் உண்டு.

“எங்க மாப்ள?” என்று கேட்டார், மெதுவாக. தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம் என்ற எண்ணம்.

“என்னது மாமா?”

“நாய்க. தோப்புல காட்டுப்பன்னி அட்டகாசம். ஒண்ண இன்னைக்கே கொண்டு போலாம்னு வந்தேன். மொத்தம் எத்தனை வச்சிருக்கீக?”

“ரெண்டாயிரத்து நானூறு.”

அவர் முருங்கை மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எங்க?”

“போன்ல மாமா.”

அந்த நேரத்தில் எனக்கும் விளங்கியது, அவருக்கும் விளங்கியது. போனைத் திறந்து காட்டினேன். பதினெட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று என்று இருந்தது, சிவப்பு எழுத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தரை ஆனது.

“எறங்குதே” என்றார் அவர்.

“ஆமா மாமா.”

“புது ஆளுகளப் பாத்து பயந்திருக்கும்.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இன்றுவரை அது கேலியா, கவலையா என்று எனக்குத் தெரியாது.

முதலில் சுதாரித்தது மாலதியின் அம்மாதான். திண்பண்டம் விற்றுப் பழகியவர்; கேள்வியை எடைபோட்டுத்தான் போடுவார்.

“இந்தக் காசக் குடுத்து என் கடைல அரைக் கிலோ பால்கோவா வாங்கலாமா?”

“நீங்க ஏத்துக்கிட்டா வாங்கலாம் அத்தை.”

“நான் ஏத்துக்கிடுதேன்னே வைங்க. அத பால்காரர்ட்ட குடுத்தா?”

“அவரும் ஏத்துக்கிட்டா...”

“அவர் புண்ணாக்குக் கடைல குடுத்தா?”

“அவரும்...”

“அப்ப அம்புட்டு பேரும் ஏத்துக்கிடணும். எதுக்கு ஏத்துக்கிடணும்?”

வீடியோவில் இதற்குப் பதில் இருந்தது. “இத யாரும் கள்ள நோட்டு அடிக்க முடியாது அத்தை.”

“எங்க வீட்டுக்காரர் பழைய பனியனையுந்தான் யாரும் கள்ளத்தனமா அடிக்கல. அதுக்கு வெல உண்டா?”

அவர் வீட்டுக்காரர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டார். மூன்று வீடியோவையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பனியனைப் பற்றி வீடியோக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை.

அவர்கள் வந்த வேன் கிளம்பியதும் என் அம்மா வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, “ஏலே, பக்கத்துத் தெருவுல ஒரு நாய வாங்கிட்டு வந்து செத்த நேரம் நிறுத்தியிருக்கலாம்லே” என்றார்.

சாயங்காலம் மாலதி போன் செய்தாள். “அப்பா ஒங்க ஜாதகத்த எடுத்து மேச மேல வச்சிருக்காக. நாளன்னைக்கு திருப்பி அனுப்பப் போறாகளாம். பொய் சொல்லிட்டீகன்னு கோவம். நீங்க பொய் சொல்லல, பால்கோவா தின்னுட்டீகன்னு நான் சொல்லிருக்கேன்.”

“நீங்க நம்புறீகளா?”

“ரெண்டாயிரத்து நானூறுன்னு மறைக்காம சொன்னீகள்ல? பொய் சொல்றவுக நம்புற மாதிரி நாலோ அஞ்சோன்னு சொல்வாக. சரி, அம்புட்டையும் வித்தா ஒரு நெச நாய் வருமா?”

“இப்ப வித்தா வரும்.”

“இப்பவே வித்துருங்க. பணம் வந்ததும் வாங்கிட்டு வாங்க. நாலு காலு, ஒரு வாலு. எண்ணிப் பாத்து வாங்குங்க.”

விற்றேன். வீடியோக்காரர் எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். அவருக்கு ஐந்தாவது இடம் தட்டிப்போகவில்லை. ஒரு பழக்கதோஷத்தில், நாய்க்குட்டி விற்பவரிடம் போய், நாய்க்காசாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். “என்னண்ணே, நாயக் குடுத்து நாய் வாங்குதீகளா?” என்றார். ரூபாயாகக் கொடுத்தேன். எண்ணாமல்கூட வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டாயிரத்து நானூறு நாய்களுக்கு வந்தது ஒரே ஒரு குட்டி. வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பெட்டை. கையில் எடுத்ததும் என் சட்டையை நனைத்தது. நான் போட்ட முதலீட்டில் இருந்து வெளியே வந்த முதல் ஈரம் அதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் குட்டியோடு நின்றேன். மாமா குட்டியின் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்து வந்தார். மேசை மேல் இருந்த ஜாதகம் அன்றைக்கே பீரோவுக்குள் போனது. குட்டிக்கு ‘காசு’ என்று பேர் வைத்தார்.

கல்யாணம் முடிந்து இரண்டாம் வருஷம் காசு ஐந்து குட்டி போட்டது. (கட்டிப் போட்டால் குட்டி போடும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.) பால்காரர் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு, பத்து நாள் பாலுக்குக் காசு வேண்டாம் என்றார். அத்தை என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, சூடாக அரைக் கிலோ பால்கோவா மடித்துக் கொடுத்தார். “பால்காரர் ஏத்துக்கிட்டாரு மாப்ள. இப்ப நானும் ஏத்துக்கிடுதேன்.”

காசு இப்போது தோப்பை ஆள்கிறது. மாமா விசிலடித்தால் ஓடிவரும், மாலதி பார்த்தால் வாலாட்டும், பால்காரரிடம்கூடப் போய் உரசும். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வேறு பக்கம் போய்விடும். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மாமா என்னைக் கூப்பிடச் சொல்வார். நான் கூப்பிடுவேன். அது போகும். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வந்தவரிடம் சொல்வார்:

“நல்ல மனுசன்தான். என்ன, கையில காசு மட்டும் நிக்காது.”