பொருத்தம் அண்ணே பார்த்த ஒரு தப்பான பொருத்தம்

போர்ட் கிள்ளானில் பொருத்தம் அண்ணேயைவிட அதிகமாகச் சம்பந்தம் முடித்து வைத்தவர் கிடையாது. எங்கள் கண்டெய்னர் கம்பெனியின் கணினிப் பிரிவில் உட்கார்ந்தபடியே ஆயிரக்கணக்கில் முடித்தார். ஒன்றுக்கும் சாப்பாடு போடவில்லை.

உண்மைப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலையை, படிவம் மூன்றோடு பள்ளியை விட்ட எனக்கு அவரே விளக்கினார். டேட்டாபேஸில் எண்களுக்கென்று கட்டங்கள் இருக்கும். ஜாவா என்கிற கணினி மொழியில் எழுதிய சிஸ்டம் அந்த எண்களை எடுத்துப் பேச வேண்டும். நடுவில் ஒரு டூல் இரண்டையும் சேர்த்து வைக்கும். ஆனால் எந்தக் கட்டத்துக்கு ஜாவாவின் எந்த வகை என்று மனுசன்தான் சொல்ல வேண்டும். கட்டம் பொண்ணு, ஜாவா வகை மாப்பிள்ளை.

ஒவ்வொரு கட்டத்திடமும் வாய்விட்டே மூன்று கேள்வி கேட்பார். எவ்வளவு உயரம் வளருவே? வால் இருக்கா? சில நாள் வீட்டுக்கு வராம இருப்பியா? உயரம் என்றால் எண் எவ்வளவு பெரிதாகும் என்பது. வால் என்றால் புள்ளிக்குப் பிறகு வருகிற எண்கள். வீட்டுக்கு வராத கட்டம் என்றால் காலியாகக் கிடப்பது. அதற்கு, காலியைத் தாங்கத் தெரிந்த மாப்பிள்ளையாகப் பார்ப்பார்.

புதிதாக வந்த புரோகிராமர் ஒருவர், வால் இருந்தால் டபுள் என்கிற வகையைப் போட்டுவிடலாமே என்று கேட்டார். அண்ணே நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"டபுள் பார்க்க லட்சணமான பையன்தான். ஆனா பேச்சு சுத்தமா இருக்காது, கடைசி எண்ல கொஞ்சம் மழுப்புவான். பிக்டெசிமல்தான் ஒரு எண்ணும் மாறாம பேசுவான், அவனைக் கட்டி வை லா."

கண்டெய்னர் வரிசை எண்ணுக்கு, முழு எண் மட்டும் தெரிந்த இன்டிஜரைப் போட்ட இன்னொருவருக்கு அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. இரண்டு பில்லியனைத் தாண்டினால் இன்டிஜருக்கு வீடு பத்தாது, அதைவிடப் பெரிய வீட்டுக்காரனான லாங் வேண்டும் என்றார் அண்ணே. நம் கம்பெனியில் அத்தனை கண்டெய்னர் வர முந்நூறு வருசம் ஆகும் என்றார் அந்தப் புரோகிராமர். "பொண்ணு முந்நூறு வருசம் வாழக்கூடாதா?" என்று கேட்டார் அண்ணே.

என் வேலை எடை மேடைச் சீட்டைப் பார்த்து, பழைய திரையில் எடையைத் தட்டுவது. தட்டியதை மூன்று தடவை சரிபார்ப்பேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் மனசுக்குள் நாலாவது தடவை. அப்படியிருந்தும் புதிய சிஸ்டத்தின் அறிக்கையில் 24.860 டன் வெறும் 24 என்று வந்தது. அதை நம்பி அனுப்பிய ஒரு லோரி அதிக பாரத்தோடு வழியில் பிடிபட்டது. புள்ளிக்குப் பிறகு உள்ளதை நான் தட்டவே இல்லை என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமையோடு நீ நின்றுகொள்ளலாம் என்றார். இந்தப் படிப்புக்கு இன்னொரு ஆபிஸ் நாற்காலி எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே மூன்று நாள் எடையைத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அண்ணே எழுந்து நின்றார். கையில், எந்தக் கட்டத்துக்கு எந்த வகை என்று அவர் குறித்து வைத்த பொருத்தத் தாள்.

"பாஸ், இந்தப் புள்ள ஒழுங்காத்தான் தட்டியிருக்கு. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன், வால் அப்படியே இருக்கு. எடைக் கட்டத்துக்கு இன்டிஜரைக் கட்டி வச்சது நான். படிக்கறப்பவே அவன் வாலை வெட்டிட்டான்."

மூன்று கேள்வி கேட்கும் மனிதருக்கு இது எப்படித் தவறியது என்று மேனேஜர் கேட்டார். அண்ணே தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேக்கலை, பாஸ். மாதிரிக்கு இருந்த நாலு வரியைப் பார்த்தேன், எல்லாம் முழு எண். போட்டுட்டேன். அன்னைக்கு சுங்கை வேயில எனக்குப் பொண்ணு பார்க்கப் போற அவசரம்."

அறையே சிரித்தது. நாற்பத்தாறு வயதில் அவர் பெண் பார்க்கப் போனது யாருக்கும் தெரியாது. எதுவும் கூடி வரவில்லை என்பதையும் யாரோ கேட்க, அவரே சொன்னார். சிரிப்பு அடங்கும்வரை உட்காரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, போய் வேலையைப் பார் என்றார்.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு நாசி லெமாக் தேங்காய்ச் சோறு வாங்கும்போது அவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிப்போய் மேசையில் வைத்தேன். அவர் காஜாங் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய் இரண்டு வருசம் ஆகிறது. இன்னும் சில காலைகளில் கடையில் என் வாய் இரண்டு என்றே கேட்டுவிடுகிறது.