தொடக்கூடாத மூக்கு

கடை திறக்கும் முன்பே தெருமுனை வரை கார்கள். வந்தவர்கள் எல்லோரும் சிலையைப் பார்க்க வந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. சிலை தங்களைப் பார்க்கிறதா என்று பார்க்க வந்தார்கள்.

விஷயம் இதுதான். சுவரில் பதிக்கிற மாதிரி ஒரு கல்பலகை. அதில் ஒரு முகம். நீங்கள் இடப்பக்கம் நடந்தால் அது இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம். குனிந்தால் குனியும். பெயர் 'காவல் முகம்'. விற்பவர் கல்ஞானி. ஞானம் வருவதற்கு முன்பு அவர் தோட்டத்துக்கு சிமெண்ட் வாத்து விற்றுக்கொண்டிருந்தார். வாத்து யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சிலைன்னா வெறும் அழகுக்கா?" என்பார் கல்ஞானி, கண்ணை மூடிக்கொண்டு. "அது வீட்டைப் பார்க்கணும். விஷக்கண் யாருக்குன்னு காட்டிக் குடுக்கணும்."

ஒருவர் வாசலுக்கு வாங்கினார். ஒருவர் பால்கனிக்கு வாங்கினார். ஒரு புண்ணியவான் குளியலறைக்கு வாங்கினார். அவருக்கு என்ன ஆசையோ.

நிபந்தனைகள் உண்டு. முகத்துக்கு எதிரே கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். கீழே ஒரு விளக்கு எரிய வேண்டும். தொடக் கூடாது. தொட்டவர் பார்வை போய்விடும். மூன்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. அது நான்காவது நிபந்தனை போலிருக்கிறது.

அந்த முகங்களில் ஒன்று ஒரு பல் டாக்டரின் வீட்டுத் தோட்டச் சுவருக்கும் வந்து சேர்ந்தது. வாங்கியவர் அவள் மாமியார். காரணம், பேத்திக்கு அடிக்கடி காய்ச்சல். யார் கண் பட்டது என்று தெரிந்தாக வேண்டும்.

விசாரணைக்குக் கல்ஞானியே நேரில் வந்தார். இருட்டத் தொடங்கும் நேரம். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் தோட்டத்தில். ஓசியில் பார்க்கக் கிடைத்தால் விடுவார்களா?

விசாரணைக்கு ஒரு முறை வைத்திருந்தார். சந்தேகத்துக்கு ஆளானவர் கயிற்றோரமாக முன்னால் நடக்க வேண்டும். மற்றவர்கள் அவர் பின்னாலேயே வரிசையாக நடக்க வேண்டும். மாமியாரின் சந்தேகம் மருமகள் மேல். பல் டாக்டரை முன்னால் நிறுத்தினார்கள். நடந்தாள். பின்னால் மாமியார், கணவன், தெரு முழுக்க.

முகம் மெல்லத் திரும்பியது.

"பார்த்தீங்களா, இவங்க போற பக்கமே போகுது," என்றார் கல்ஞானி.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மாமியார். அவருக்கு எல்லாம் அப்போதே தெரியும். சொல்வதுதான் எப்போதும் அப்புறம்.

தீர்ப்பு வந்தது. ஒரு வருடம் பிள்ளையை அம்மா கண்ணால் பார்க்கக் கூடாது. பிள்ளை பெரியம்மா வீட்டில் வளரட்டும். அறைக்கு ஒரு சின்ன முகம் வீதம் வாங்கி மாட்டினால் இன்னும் நல்லது.

பிள்ளையின் பை ஏற்கெனவே காரில் இருந்தது. தீர்ப்புக்கு முன்பே பை கட்டிவிட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அவள் கணவனைப் பார்த்தாள். கணவனை அந்தத் தெருவில் ஆமாம்சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அம்மா சொல்றதுலயும்…" என்று இழுத்தான்.

"சொல்றதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அவள் திரும்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் வாயில் பசை வைத்து பல்லுக்கு அச்சு எடுக்கிற கை. அச்சு என்பது வெறும் பள்ளம். ஆனால் மேசை விளக்கில் ஒரு கோணத்தில் வைத்தால், பல் வரிசையே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும்; தலையை நகர்த்தினால் அதுவும் கூடவே திரும்புகிற மாதிரி இருக்கும். அவளே ஏமாந்திருக்கிறாள்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். விளக்கு கீழ இருக்கு. நிழல் மேல போகணும். இங்க மூக்கோட நிழல் கீழ உதட்டுல விழுதே?"

"முகத்துக்குன்னு தனி வெளிச்சம் உண்டும்மா."

"அதுக்குத் தனி மீட்டரா?"

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"அத்தை, நீங்க கயித்தோட இந்தக் கோடிக்கு வாங்க. வக்கீல் சார், நீங்க அந்தக் கோடிக்குப் போங்க." எதிர்வீட்டு வக்கீல் நகர்ந்தார். "இப்ப யாரைப் பார்க்குது?"

"என்னைத்தான்," என்றார் மாமியார்.

"இல்லையே, என்னைத்தான் பார்க்குது," என்றார் வக்கீல்.

"எனக்கும் என்னைத்தான்," என்றது நடுவிலிருந்து ஒரு குரல்.

"அப்ப தெரு மொத்தத்துக்கும் விஷக்கண். எல்லாருமா பை கட்டுங்க," என்றாள் பல் டாக்டர். கயிற்றைத் தாண்டினாள்.

"தொடாதே, கண்ணு போயிடும்," என்றான் ஆமாம்சாமி. கல்யாணமான நாளிலிருந்து அவன் முழுசாக முடித்த முதல் வாக்கியம் அது.

அவளும் அரை நொடி யோசித்தாள். கண் போனால் தொழில் போகும். பிள்ளையைப் பார்க்கவே முடியாது. ஆனால் தொடாவிட்டாலும் பார்க்க முடியாது. கையை நீட்டினாள்.

மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை. கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. கன்னம் குழி. நெற்றி குழி. முகம் முழுக்க உள்பக்கமாகக் குடைந்த பள்ளம்.

"கேக் அச்சு மாதிரிதான் இருக்கு. வந்து பாருங்க."

கல்ஞானிதான் முதலில் சுதாரித்தார். "தொட்டுட்டாங்கல்ல? முகம் கோவிச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு."

இரண்டு பேர் கை கூப்பினார்கள். சத்தியமாகக் கூப்பினார்கள்.

வக்கீல் வாசலுக்குப் போனார். கல்ஞானியின் வேனில் மாமியாருக்காகக் கொண்டுவந்த சின்ன முகங்கள் இருந்தன. பெட்டிகளைத் தோட்டத்துக்கு எடுத்து வந்து ஒன்றைப் பிரித்தார். பள்ளம். இன்னொன்று. அதுவும் பள்ளம்.

"பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு யார் மேல கோவம், ஞானி?"

ஞானி வேன் சாவியைத் தேடினார். வேனிலேயே தொங்கிய சாவி இப்போது வக்கீல் கையில் இருந்தது. மனிதர்கள் மெல்ல அவரைச் சுற்றிக்கொண்டார்கள். இந்த முறை எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். நிஜக் கண்கள்.

"அப்ப பிள்ளைக்கு ஏன் அடிக்கடி காய்ச்சல் வருது?" என்றார் மாமியார். குரல் பாதியாகியிருந்தது.

"டான்சில்னு குழந்தைங்க டாக்டர் ரெண்டு தடவை சொன்னார், அத்தை. அது தொண்டைக்குள்ள இருக்கு. என் கண்ணுல இல்ல."

காரைத் திறந்து பையை எடுத்தாள். கணவனிடம் நீட்டினாள்.

"நான் அப்பவே நினைச்சேன்…" என்று ஆரம்பித்தான் அவன்.

"நினைச்சது போதும். துணியெல்லாம் திரும்ப அலமாரில வைங்க."

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சிலை வாங்குங்கள், அழகாக இருக்கும். ஆனால் எவனாவது 'தொடாதே' என்றால், முதலில் அந்த இடத்தைத்தான் தொட்டுப் பாருங்கள். பள்ளம் கல்லில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. உங்கள் தலைக்குள் இருந்தால், அதைப் பார்த்துத்தான் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.