நரை மெய்ம்மை கண்டறியும் குழு

செஞ்சியில் மலை மாறுவதில்லை, கோட்டை மாறுவதில்லை. ஆகவே அரசு ஊழியரின் தலைமுடியும் மாறலாகாது என்று அந்த அலுவலகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அங்கிருந்த நிரந்தர ஊழியர் பத்துப் பேரும் ஐம்பதைத் தாண்டியிருந்தும், பத்துத் தலையும் கரிச்சட்டியின் அடிபோல் கறுத்திருந்தது.

அந்தப் பத்தில் தபால் பிரிவு அன்புக்கரசி ஒருத்திதான் பெண். பதினேழு வருஷமாகத் தவறாமல் டை அடித்தவள். தை மாதம் நெற்றியோரம் அரிப்பு கண்டு, கழுத்துவரை தடித்துப் போனது. "டையை நிறுத்துங்க, இல்லன்னா என்னைப் பார்க்க வர்றதை நிறுத்துங்க" என்றார் டாக்டர். நிறுத்தினாள். நாலு மாதத்தில் தலை வெளுத்தது.

கம்ப்யூட்டர் வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்திருந்த கவிதா பூரித்துப் போனாள். "சூப்பர் மேடம். இப்போ இதான் டிரெண்டு. சினிமாக்காரங்களே டையை உட்டுட்டு வீடியோ போடுறாங்க. உங்களுக்கு இன்னா தைரியம் மேடம்."

அரிப்பு என்று சொல்ல அன்புக்கரசிக்கு வாய் வரவில்லை. "ஒரு கொள்கைதாம்மா" என்றாள்.

கொள்கைக்குச் சோதனை வாசலிலேயே காத்திருந்தது. வருகைப் பதிவுக்காக மாட்டியிருந்த, முகம் பார்க்கும் மெஷின் ஒரு திங்கட்கிழமை அவளைப் பார்த்து "முகம் பொருந்தவில்லை" என்றது. கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். சிரித்தும் காட்டினாள். பொருந்தவில்லை.

அலுவலர் சிவசங்கரிடம் போனாள். "சார், மெஷினுக்கு என்னைத் தெரியலயாம்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"நான் எதிர்லயே நிக்கிறேனே சார்."

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது. அலுவலகத்துக்குத் தெரியலையே."

பத்தாம் நாள், அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருப்பதற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் குறிப்பாணை வந்தது. தபால் பிரிவு அவளுடையது என்பதால், அவளே அதைப் பதிவேட்டில் ஏற்றி, அவளே தன்னிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். முப்பது நாள் ஆகிவிட்டால் தற்காலிகப் பணிநீக்கம். ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கையில் இப்படி ஒரு கறையா என்று நினைத்தவள், மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டு யோசனை கேட்கப் போனாள்.

"பேசாம டை அட்ச்சினு வந்துடுங்களேன்" என்றார் கண்காணிப்பாளர் நெடுமாறன், அனுபவஸ்தர். "இல்லன்னா புதுப் படம் எடுக்க மனு போடுங்க. நரை இயற்கையானதுதான்னு சான்று வெக்கணும்."

"நரைச்சதுக்குமா சார் சான்று?"

"பசங்க காசு குடுத்து வெள்ளைக் கலர் அடிக்கிற காலம்மா இது. பார்த்ததும் எப்பிடி நம்புறது?"

மனு போட்டாள். சான்று வழங்க மூவர் கொண்ட 'நரை மெய்ம்மை கண்டறியும் குழு' அமைக்குமாறு தலைமையகம் ஆணையிட்டது. உறுப்பினர் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். தம் தலைமுடி செயற்கைச் சாயம் ஏதுமற்றது என மனமார உறுதியளிக்கவும் வேண்டும். கவிதாவின் முடி அசல் கறுப்புதான். ஆனால் ஒப்பந்த ஊழியருக்கு மெஷினில் முகமே கிடையாது, தலைக்கு எங்கே போவது?

உறுதிமொழித் தாள் ஒன்பது மேசைகளையும் சுற்றி, கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல், டீ டம்ளர் வட்டம் ஒன்றோடு திரும்பியது. தலைமையகம் விடவில்லை. அமாவாசைக்கு மறுநாளுக்குள் அலுவலர் உட்பட அனைவரும் உறுதிமொழி தர வேண்டும் என்றது.

அந்த மறுநாள் சிவசங்கர் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்தார். "மேல்மலையனூர்ல ஒரு வேண்டுதல்" என்றார். இல்லாத முடியின் நிறம் பற்றி உறுதியளிக்க எந்த விதியிலும் இடமில்லை. பின்னாலேயே நெடுமாறன், அவரும் சந்தனம். அந்த அமாவாசையில் அங்காளம்மனுக்கு ஒரே அலுவலகத்திலிருந்து ஒன்பது முடிக் காணிக்கை. ஒரே ஸ்பெஷல் பஸ்ஸில் போயும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

மெஷின் ஒன்பது மொட்டைகளையும் மறுத்தது. அன்புக்கரசியின் பணிநீக்க ஆணையில் கையெழுத்திட வேண்டிய அலுவலரே பணிக்கு வராதவர் ஆகிவிட்டதால், ஆணை அப்படியே நின்றது. ஒருவரும் வராத அலுவலகம் இரண்டு வாரம் நடந்தது. பொதுமக்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கடைசியில் தலைமையகத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து, சான்று கின்று எதுவும் கேட்காமல், பத்துப் பேரையும் புதிதாகப் படம் எடுத்தார். அதற்குள் மொட்டைகளில் முடி அரும்பியிருந்தது. ஒன்பது தலையிலும் உப்பைத் தூவினாற்போல் வெள்ளை. ஒருவர் தலையை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள்.

ஞாயிறன்று செஞ்சிக் கடைகளில் டைக்குத் தட்டுப்பாடு. திங்கட்கிழமை காலை ஒன்பது கறுத்த தலைகள் மெஷின் முன்னால் நின்றன. ஒன்றும் பொருந்தவில்லை. அன்புக்கரசியைப் பார்த்து மட்டும் அது "வருகை பதிவாயிற்று, நன்றி" என்றது.

"என்னம்மா இது, நான் எதிர்லயே நிக்கிறேனே" என்றார் சிவசங்கர்.

"எனக்குத் தெரியுது சார். அலுவலகத்துக்குத் தெரியலையே."

பணியில் இருப்பவர் ஒருவரே என்பதால் அலுவலகப் பொறுப்பு அவளிடம் வந்தது. விளக்கம் கேட்டு அன்றே ஒன்பது குறிப்பாணைகளில் இனிக்க இனிக்கக் கையெழுத்துப் போட்டாள்.

"கடைசில உங்க கொள்கை ஜெயிச்சிடுச்சு மேடம்" என்றாள் கவிதா. "இனிமே டை பக்கமே போவ மாட்டீங்க இல்ல?"

"எப்படிம்மா போக முடியும்?" என்று அன்புக்கரசி மேசைக்கடியில் கைப்பையைக் காலால் உள்ளே தள்ளினாள். அதில், கூட்டு ரோட்டுக் கடையில் மிச்சமிருந்த கடைசி டை பாக்கெட் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று நேற்று மாலை வாங்கியது. 'அரிப்பு வராது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலாவதியாக இரண்டு வருஷம் இருந்தது. அவள் ஓய்வு பெற நாலு.