ஆறாவது வளைவில் கொதித்த இன்ஜின்

என் வண்டி மலை ஏறாது. இது என் தீர்மானம். என் தீர்மானம் என்று வெளியே சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆகவே பழியை இன்ஜின் தலையில் கட்டிவிட்டேன். இன்ஜின் எதிர்த்துப் பேசாது. எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அதுதான்.

ஐஸ் ஆலைக்கு டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். ஆலையிலிருந்து மீன் மார்க்கெட்டுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போகும். பின்னால் ஐஸ் உருகும், முன்னால் இன்ஜின் கொதிக்கும், நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். சமதரையில் தொல்லை இல்லை. ஏற்றம் வந்தால் மட்டும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

ஏற்றத்துக்கு மேலேதான் என் மகள் இருக்கிறாள்.

இந்த வண்டிக்கு அடியில் என் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் அவள். ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் தானே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். என்னைக் கேட்கவில்லையே என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். இந்த வீட்டில் எதற்குத்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள்? அன்றைக்கு அது தோன்றவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது.

செய்தி வந்தபோது மார்க்கெட்டில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கியபடியே வண்டியைத் திருப்பினேன். மனைவியை ஏற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. ஆறாவது வளைவில் இன்ஜின் கொதித்து நின்றது. அது நிஜம். பானெட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் காத்திருந்தேன். ஆறிவிட்டது. அதுவும் நிஜம். மேலே போய் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மனைவி அன்றைக்கே பஸ்ஸில் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். "நானும் கிளம்பினேன், வண்டி ஏறல" என்றேன். "ம்" என்றாள். அவளுடைய "ம்"முக்கு இருபத்தாறு வருஷமாக அர்த்தம் தேடுகிறேன்.

அதற்குப் பிறகு போகவே முடியவில்லை. அன்றைக்கு வராதவன் இன்றைக்கு எந்த முகத்தோடு போவது?

"சரி, வண்டிய ரிப்பேர் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன், அதில் ஒரு மாதம் ஓடியது. பெல்ட்டை மாற்றினேன், அது ஒரு மாதம். பிறகு தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் தண்ணீரைத் திறந்துவிடுகிற குட்டி வால்வு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அடிவாரம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன்.

"ஏறிச்சா?"

"கொதிச்சுது."

"எங்க?"

"அதே ஆறாவது வளைவுலதான்."

"அப்ப வளைவ மாத்திப் பாருங்களேன்."

"வளைவ எப்படிடி மாத்துறது?"

"வண்டியில மாத்த இனிமே என்ன இருக்கு? ஹாரன்தான் பாக்கி."

போன மாதம் மலைக்குப் போய் வந்தவள், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்தாள்.

"என்ன இது?"

"ஒரு மெக்கானிக் போட்டுக் குடுத்த படம்."

இன்ஜின் படம். முன்பக்கமாக நுழைகிற தண்ணீர் முன்பக்கமாகவே வெளியேறிவிடுகிறது. கடைசியில் இருக்கும் நாலாவது சிலிண்டருக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதுதான் முதலில் கொதிக்கிறது. பின்பக்க மூடி ஒன்றைக் கழற்றி, அங்கிருந்து ஒரு ஹோஸ் இழுத்து ரேடியேட்டர் மேல்குழாயில் சேர்த்தால், தண்ணீர் கடைசிவரை போய்விட்டுத்தான் திரும்ப வேண்டும். அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. நாலு என்ற எண்ணை நாற்காலி மாதிரி போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான்.

கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தேன்.

"யாரு மெக்கானிக்?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"ஒரு பொண்ணு."

"வேலை தெரிஞ்ச பொண்ணா?"

"நல்லாத் தெரியும். சொல்லிக் குடுத்தவர்தான் சரியில்ல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்த ஹோஸைத் தொட்டிருக்க மாட்டேன். மூன்று நாள் மத்தியானம் உட்கார்ந்து மாட்டினேன். காகிதத்தில் கிரீஸ் படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். ஆலைக்குப் பக்கத்திலிருந்த மேம்பாலத்தில் முழு லோடோடு ஏற்றிப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே உறைத்தது. இனி என்ன சாக்குச் சொல்வேன்?

"ஞாயித்துக்கிழமை போறோம்" என்றாள் மனைவி.

ஞாயிறு காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய அட்டையைச் செருகினேன். காற்றே போகாது. மூன்றாவது வளைவிலேயே ஆவி பறக்கும். சொந்த வண்டிக்கு விஷம் வைத்த பாவி ஆனேன். கோழைக்கு வேறு வழி தெரியவில்லை.

கிளம்பினோம். மூன்றாவது வளைவு தாண்டியது. முள் நடுவில். ஐந்தாவது. நடுவில். ஆறாவதில் வேகத்தைக் குறைத்து முள்ளைத் தட்டிப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"அட்டையா? என் காலுக்குக் கீழ இருக்கு. தரையெல்லாம் ஈரம், அதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

அதற்குப் பிறகு பன்னிரண்டு வளைவு. எல்லாவற்றிலும் முள் நடுவிலேயே நின்றது.

மகள் வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேராக வந்து பானெட்டைத் திறந்தாள். ஹோஸைக் குனிந்து பார்த்தாள்.

"பழைய வாஷரையே போட்டிருக்கீங்க. கசியுது."

"அது கொஞ்சம்தானேம்மா."

"ஆறட்டும். கழட்டிப் பாக்கலாம்."

உள்ளே போய் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். ஒரே அறை. கூரையில் தொட்டில் கட்டுகிற கொக்கி. அதில் இப்போது ஒரு குடை தொங்கியது. நான் குடையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், மறுபடி குடையைப் பார்த்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்தது ஒன்றும் நினைவில்லை.

"அன்னிக்கு நான் வந்தேம்மா" என்றேன். "ஆறாவது வளைவு வரைக்கும். இன்ஜின் கொதிச்சுது. அப்புறம் ஆறிடுச்சு. நான்தான்... நான்தான் திரும்பிட்டேன்."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"நீங்க பானெட்ட மூடிட்டு வண்டியத் திருப்பினத அம்மா பஸ்லேருந்து பாத்தாங்க."

மனைவியைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமா ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அதுக்கும் ஒரு பார்ட்ஸ மாத்துவீங்க."

மகள் சிரிக்கவில்லை. "வந்திருக்கலாம்பா" என்றாள். "நீங்க ஒண்ணும் பேசியிருக்க வேணாம். சும்மா வந்து நின்னிருந்தாலே போதும். அவன் மூக்கு அப்படியே உங்க மூக்கு. நீங்க பாக்கணும்னு அவன மடியிலேயே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், மூக்கைச் சிந்தக் கைக்குட்டைகூட இல்லாமல், மகள் நீட்டிய கிரீஸ் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு அவள் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்தாள். இன்ஜின் ஆறியிருந்தது. பின்பக்க இணைப்பைக் கழற்றி, செம்பு வாஷரை வெளியே எடுத்தாள். என் கண்ணெதிரிலேயே அதை இடுக்கியால் பிடித்து இரண்டாக மடித்தாள்.

"ஐயய்யோ, வளைஞ்சிடுச்சேப்பா" என்றாள். "இந்த அளவு இங்க கிடைக்காது. சொல்லி வரவழைக்கணும். மூணு நாள் ஆகும்."

"மூணு நாளா! நாளைக்கு ஐஸ் லோடு இருக்கும்மா. நான் போகலைன்னா மார்க்கெட்டே நாறிடும். மேனேஜருக்கு என்ன பதில் சொல்றது?"

மனைவி பீன்ஸிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களுக்கு மூணு நாள் லீவுன்னு போன வாரமே அவர்கிட்ட சொல்லிட்டேன்."